குறை ஓரிடத்தில், மாத்திரை வேறிடத்தில்

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறை ஒன்றில் தொடங்கியது. இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் அதுதான். ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் நிறுவிய அந்த ஆய்வுக்கூடத்துக்கு முதலில் வைக்கப்பட்ட பெயரே பெரிபெரி ஆய்வுப் பிரிவு. பெரிபெரி வந்தவர்களுக்குக் கால் வீங்கும், நரம்புகள் தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியையே பெரிதும் நம்பியிருந்த ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அந்த நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அவ்வளவாக இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயாமின், அதாவது வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேவைப்படாத ஒரு பொருள் கிடைக்காததால் மனிதர்கள் செத்தார்கள். அதைக் கொடுத்ததும் எழுந்து நடந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு கண்கூடான வெற்றிகள் குறைவு. வைட்டமின் என்றாலே மக்கள் மனத்தில் எழும் நம்பிக்கை அந்த வெற்றியிலிருந்து வந்தது. அது நியாயமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை இன்று எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. பொதுத்தேர்வு நெருங்கினால் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி டானிக், நாற்பதைக் கடந்தால் தினம் ஒரு சத்து மாத்திரை, அறுபதைக் கடந்தால் மறதி வராமல் இருக்க இன்னொன்று என்று நடுத்தர வர்க்க வீடுகளில் வைட்டமின் ஒரு வழக்கமாகிவிட்டது. யாரும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து இதைத் தொடங்குவதில்லை. குன்னூர் ஆய்வுக்கூடமும் அதன் காலத்து அறிவியலும் நிரூபித்தது ஒன்றே ஒன்று: இல்லாததைக் கொடுத்தால் உடல் மீளும். போதுமான அளவு இருக்கும்போது மேலும் கொடுத்தால் உடலோ மூளையோ கூடுதலாக வலுப்பெறும் என்பது வேறொரு கூற்று. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தச் சான்றைத் தேடிப் பெரும் ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் தெரிவது இதுதான்: வைட்டமின் மாத்திரை பலன் தருவது பெரும்பாலும் குறை உள்ளவர்களுக்கே. நம் நாட்டிலோ தினமும் மாத்திரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் குறை இருப்பதே தெரியவில்லை.

1988-இல் வேல்ஸ் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். டேவிட் பென்டன், குவிலிம் ராபர்ட்ஸ் இருவரும் 90 பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு எட்டு மாதங்கள் வைட்டமினும் தாதுச்சத்தும் கொடுத்தார்கள். அவர்களின் சொல்சாரா நுண்ணறிவு மதிப்பெண் உயர்ந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். பிபிசி தொலைக்காட்சியிலும் அது வந்ததும் பிரிட்டனின் மருந்துக்கடைகளில் சத்து மாத்திரைகள் தீர்ந்துபோயின. இரண்டே ஆண்டுகளில், 1990-இல், பிரிட்டனின் வேறு இரண்டு குழுக்கள் அதே கேள்வியை எடுத்துச் சோதித்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் முன்னேற்றம் தெரிந்த இடங்களில், உணவு மோசமாக இருந்த ஒரு சிறுபகுதிப் பிள்ளைகளிடமே அது தெரிந்தது. நன்றாகச் சாப்பிடும் பிள்ளையின் மதிப்பெண்ணை மாத்திரை உயர்த்துவதில்லை. அரைவயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது ஒருவேளை உதவலாம். ஆனால் ஞாபகசக்தி டானிக் வாங்கித் தரப்படுவது எந்தப் பிள்ளைக்கு என்று யோசித்தால் இந்த முடிவின் கனம் புரியும்.

முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 5,947 ஆண் மருத்துவர்களுக்கு 12 ஆண்டுகள் தினமும் பல்சத்து மாத்திரை அல்லது வெற்று மாத்திரை கொடுத்து நினைவாற்றலை அளந்தார்கள். 2013-இல் முடிவு வெளியானபோது இரு பிரிவினருக்கும் வித்தியாசமே இல்லை. நலமாக இருக்கும் நடுவயதினரிடமும் முதியவர்களிடமும் நடந்த 28 ஆய்வுகளை, 83,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளுடன் ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, 2018-இல், வைட்டமின்களும் தாதுச்சத்துகளும் அறிவாற்றலைக் காக்கும் என்பதற்குச் சொல்லத்தக்க ஆதாரம் இல்லை என்றது. மறுஆண்டு உலகச் சுகாதார நிறுவனம், அறிவாற்றல் குறைவையும் மறதிநோயையும் தடுப்பதற்காக பி வைட்டமின்களையோ வைட்டமின் இ-யையோ பல்சத்து மாத்திரைகளையோ பரிந்துரைக்கக் கூடாது என்று வழிகாட்டியது.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று ஒன்று உண்டு. காஸ்மோஸ் என்ற பெயரில் 21,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களிடம் நடந்த ஆய்வு அது. அதன் மூன்று கிளை ஆய்வுகள் 2022 முதல் 2024 வரை வெளிவந்தன. மூன்றுமே பல்சத்து மாத்திரை எடுத்தவர்களின் நினைவாற்றல் சற்று மேம்பட்டதாகச் சொன்னதால், மூளை முதுமையடைவதை மாத்திரை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது என்று உலகெங்கும் தலைப்புச் செய்திகள் வந்தன. நிதி அளித்தவர்களில் ஒரு சாக்லேட் நிறுவனமும் உண்டு என்று காட்டி இந்த ஆய்வைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது; முறையாக நடத்தப்பட்ட ஆய்வு இது. ஆனால் அளந்தது எது, அளவு எவ்வளவு என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். 2023-இல் வெளிவந்த கிளை ஆய்வில் 20 சொற்களைக் காட்டி, எத்தனை நினைவில் நிற்கின்றன என்று கேட்டார்கள். ஓராண்டு கழித்து, மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.71 சொல் கூடுதலாக நினைவில் நின்றது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 0.44 சொல் கூடியது. வித்தியாசம் கால் சொல்லுக்குச் சற்றே அதிகம். இதைத்தான் மூன்றாண்டு இளமை என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். அன்றாட வாழ்வில் அந்தக் கால் சொல் உணரக்கூடியதா என்பது ஒரு கேள்வி. மறதிநோய் வருவதை மாத்திரை குறைத்ததாக இந்த ஆய்வு காட்டவில்லை என்பது அதைவிட முக்கியமான செய்தி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2022-இல் வெளிவந்த முதல் கிளை ஆய்வில், இதயநோய் வரலாறு உள்ளவர்களிடமே பலன் கூடுதலாகத் தெரிந்தது. நோயாலும் மருந்துகளாலும் சத்துகள் குறைந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் மாத்திரை விழுங்கியும் பலன் காணாத அந்த மருத்துவர்களோ நன்றாக உண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் பலன் காணாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 2010-இல் வெளியான ஆய்வு இதை இன்னும் துலக்கமாக்குகிறது. லேசான மறதி தொடங்கிய, 70 வயதைக் கடந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளை சுருங்கும் வேகம் சுமார் 30% குறைந்தது. அந்தப் பலன் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தவர்களிடமே குவிந்திருந்தது. பி12-உம் ஃபோலேட்டும் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள் ஹோமோசிஸ்டீன். ஆகவே காஸ்மோஸையும் மருத்துவர்கள் ஆய்வையும் மோதவிட வேண்டியதில்லை. வயதானவர்களில் ஒரு பகுதியினருக்கு மறைந்திருக்கும் பற்றாக்குறை உண்டு, மாத்திரை அதைத் தொட்டபோது சிறு பலன் தெரிந்தது, பற்றாக்குறை இல்லாதவர்களிடம் எதுவும் நடக்கவில்லை என்றே இவற்றை நான் சேர்த்து வாசிக்கிறேன்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, ஒரு காப்புக்காக எடுத்துக்கொண்டால் என்ன என்பது அடுத்த வாதம். கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கெடுதல் இல்லை என்பது பொதுவாக உண்மையல்ல. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம், பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஓர் ஆய்வு நடந்தது. 1994-இல் முடிவு வந்தபோது அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியிருந்தது. வைட்டமின் இ தனியாக அதிக அளவில் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியதாக 2011-இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது. வழக்கமான பல்சத்து மாத்திரையில் இவற்றின் அளவு குறைவுதான். ஆனாலும் நம்மிடையே ஒன்றோடு நிறுத்துவோர் குறைவு. முடிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று சேரும்போது கணக்கு மாறுகிறது. நீண்டகாலம் மிகுதியாக எடுக்கும் பி6 நரம்புகளையே பாதித்துக் கை கால் மரத்துப்போகச் செய்கிறது. முடிக்காக எடுக்கும் பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைப் பிறழச் செய்யும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனைகூடத் தவறாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி-யை, பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்கிச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகி வருவோரை நம் மருத்துவமனைகள் பார்க்கின்றன. இவை எல்லாம் ஒருபுறம் இருக்க, காப்பு என்ற வாதமே எண்களின் முன் நிற்கவில்லை. சுமார் 3,90,000 அமெரிக்கர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், தினமும் பல்சத்து மாத்திரை எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இனி, குறை உண்மையிலேயே இருக்கும் இடத்துக்கு வருவோம். என் அக்கறை முழுவதும் இங்கேதான். மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் 31 சதவீதத்தினருக்கு பி12 பற்றாக்குறையும் 37 சதவீதத்தினருக்கு ஃபோலேட் பற்றாக்குறையும் இருந்தன. பி12 தாவர உணவுகளில் கிடைப்பதில்லை. மீன், இறைச்சி, ஈரல், முட்டை, பால், தயிர் ஆகியவையே அதன் வாயில்கள். இட்லி மாவும் பழைய சோறும் புளிக்கும்போது அது வேண்டிய அளவு உண்டாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினா மாத்திரையில் இருக்கும் பி12-இல் பெரும்பகுதி மனித உடலுக்கு உதவாத போலி வடிவம். சைவ உணவினர் மட்டும்தான் கவலைப்பட வேண்டும் என்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் வீட்டில், அதிலும் பெண்களின் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால், அசைவக் குடும்பம் என்ற பெயர் ஒரு காப்பல்ல.

உணவில் இருந்தும் உடலில் சேராமல் போகிறவர்கள் இன்னொரு பெருங்கூட்டம். நீரிழிவுக்கு முதலில் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை நிறுத்தக் கூடாது. ஆனால் குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. நெதர்லாந்தில் 390 நோயாளிகளிடம் நாலேகால் ஆண்டுகள் நடந்த ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் ரத்தத்தில் பி12 சராசரியாக 19% குறைந்தது. ஆண்டுகள் ஏற ஏறக் குறையும் ஏறுகிறது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023 ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலர் வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோலோ பான்டோப்ரசோலோ ஆண்டுக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்குகிறார்கள். உணவிலிருந்து பி12 பிரிவதற்கு வேண்டிய வயிற்று அமிலத்தை அவை அடக்கிவிடுகின்றன. வயதானாலே அந்த அமிலம் குறைவதும் உண்டு. நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையாமல் இருக்க பி12 வேண்டும். அது குறைந்தால் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, மனம் சோர்கிறது, மறதி வருகிறது. பாத எரிச்சலைச் சர்க்கரையின் மேல் போடுகிறோம், மறதியை வயதின் மேல் போடுகிறோம். இந்தியாவில் மறதிநோய் உள்ள முதியவர்கள் 88 லட்சம் என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. மறதியோடு வரும் முதியவருக்கு முதலில் பார்க்க வேண்டியவற்றில் பி12-உம் தைராய்டும் இடம்பெறுவதற்குக் காரணம், அவை சரிசெய்யக்கூடிய காரணங்கள் என்பதே. தாமதித்தால் அந்த வாய்ப்பும் நழுவிவிடுகிறது.

இவர்களாவது தினம் ஒரு பல்சத்து மாத்திரை எடுத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் பொதுவான மாத்திரையின் பலவீனம் வெளிப்படுகிறது. பல்சத்து மாத்திரைகள் பலவற்றில் பி12 ஓரிரு மைக்ரோகிராம்தான், அன்றாடத் தேவையை ஒட்டிய அளவு. உறிஞ்சும் வழி அடியோடு பழுதான ஒருவரின் உடலில், வாய்வழி கொடுத்ததில் சுமார் 1 சதவீதமே தானாகக் கசிந்து ரத்தத்தில் சேரும். அதனால்தான் அத்தகையோருக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையோ ஊசியோ தேவைப்படுகிறது. சத்து மாத்திரை எடுக்கிறோமே என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவருக்கு, அந்த நிம்மதியே தீங்காகிறது. இதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. ஃபோலிக் அமிலம் மட்டும் மிகுதியாகச் சேரும்போது பி12 குறைவால் வரும் ரத்தசோகை மறைந்துவிடலாம்; நரம்புச் சிதைவோ உள்ளே தொடரும். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு நெருப்பை விட்டுவைப்பது போன்றது இது.

இன்றைய உணவில் சத்தே இல்லை, மண் கெட்டுவிட்டது, அதனால் மாத்திரை தவிர வழியில்லை என்று சொல்வோரின் கவலையில் ஒரு பங்கு உண்மை. ஆனால் நம் தட்டின் குறை மண்ணில் தொடங்கியதல்ல. மெக்கரிசன் அதே குன்னூரில் நாட்டின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே நிறைந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகியும், சோற்றைக் குவித்துக் குழம்பைத் தெளித்து உண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு மாறவில்லை. ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம் பி12 இருக்கிறது, ஒரு குவளைப் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. நாளொன்றுக்கு வேண்டியது 2.2. முட்டையோடு புரதமும் கோலினும் வருகின்றன, கீரையோடு ஃபோலேட்டும் நாரும் வருகின்றன; மாத்திரையில் இவை வருவதில்லை. சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் தமிழ்நாட்டின் முடிவு, எந்த ஞாபகசக்தி டானிக்கைவிடவும் மூளைக்கு உகந்தது. அதைச் சைவம் அசைவம் என்ற சர்ச்சையாக்குகிறவர்கள் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

மூளைக்கு வேண்டிய நுண்சத்து என்றால் முதலில் பேச வேண்டியது அயோடின். அது வைட்டமின் அல்ல, தாது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அது குறைந்தால் அறிவு வளர்ச்சி நிலையாகக் குன்றுகிறது. அயோடின் கலந்த உப்பு அதைச் சில காசில் தடுக்கிறது. நாட்டின் முன்னணி உப்பு உற்பத்தி மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாட்டில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் சுமார் 62% மட்டுமே என்று 2018-19 தேசிய ஆய்வு காட்டியது. மாநிலங்களிலேயே மிகக் குறைந்த அளவு அது. கல் உப்புதான் இயற்கையானது, அதுவே நல்லது என்ற பரப்புரை இப்போது வலுத்துவருவது என்னை அச்சுறுத்துகிறது. விலையுயர்ந்த மாத்திரையை மூளைக்கென்று வாங்கும் அதே வீட்டில், கருவுற்ற பெண் அயோடின் இல்லாத உப்பை உண்ணும் நிலை இருக்கக் கூடாது.

அப்படியானால் எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டுமா, அந்தச் செலவைவிட மாத்திரை மலிவாயிற்றே என்ற மறுப்பு மிஞ்சுகிறது. எல்லோரும் ஓட வேண்டியதில்லை. பால்கூடக் குடிக்காத முழுச் சைவர், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு பி12-ஐத் தனியாக, உரிய அளவில் எடுக்கலாம். அது மலிவான மாத்திரைதான். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளை அது தடுக்கிறது என்பது 1991-இலேயே ஐயமற நிறுவப்பட்டது. இவர்களுக்கெல்லாம் மாத்திரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கும் குறைக்கும் பொருந்தும் மாத்திரை வேண்டும் என்பதே வாதம். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களைப் பொறுத்தவரை, அவ்வப்போது பி12 அளவைப் பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. அதைச் செய்வதற்கான கட்டமைப்பு நம் மாநிலத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. யார் எத்தனை ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்று அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கும், அதோடு வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்தும் எடுப்பவர்களுக்கும், கால் மரத்துப்போவதாகச் சொல்பவர்களுக்கும் முதலில் பி12 பரிசோதனை செய்யலாம். குறை இருப்பவர்களுக்கு அடுத்த மாத மருந்தோடு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவும் அதற்கான நிதி ஒதுக்கீடும் போதும்.